இருபத்துமூன்று கம்புகள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, இதைச் சொல்லாமல் விட்டால் நடந்தது எதுவும் புரியாது. உச்சிப்பாறையில் என் வீட்டுக்காரர் கையிலிருந்த கம்பைப் பிடுங்கியது நான்தான். அதை ஒரு வருடம் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு வருடத்தில் பாவம், சம்பந்தமே இல்லாத ஒரு மனுஷன் என்ன பாடுபட்டார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை.

எங்களுக்குப் படகுத்துறைதான் பிழைப்பு. நாலாபுறமும் மலை, நடுவில் ஏரி, கரையில் பதினாறு பெடல் போட், ஆறு துடுப்புப் படகு. சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் நான் உட்கார்ந்திருப்பேன். மைக்கில் அவர். 'எட்டாம் நம்பர் படகு, நேரம் முடிஞ்சு போச்சு, கரைக்கு வாங்க' என்று அவர் கத்துவதும், எட்டாம் நம்பர்க்காரர்கள் காது கேட்காத மாதிரி எதிர்க்கரைக்கு மிதிப்பதும் தினமும் நடக்கும். நனைந்த லைஃப் ஜாக்கெட்டுகளைக் கயிற்றில் காயப்போட்டு, மாலையில் எண்ணி உள்ளே அடுக்குவது என் வேலை.

கோடை வந்தால் இரண்டு வாரம் இந்தப் பள்ளத்தாக்கில் நிற்க நேரமிருக்காது. ஏரியைச் சுற்றி ஓட்டப்பந்தயம், படகுப் போட்டி, குழந்தைகளுக்குச் சாக்கு ஓட்டம், நாய்களுக்கு அழகுப் போட்டி, மைதானத்தில் திரை கட்டிப் படம் என்று தினமும் ஏதாவது ஒன்று. வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பாறை வரை நடை. அதோடு எல்லாம் முடியும்.

அந்த நடையை இருபத்தாறு வருடம் நடத்தியவர் கம்பு அண்ணன். மின்சார ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த மலையில் அவர் கால் படாத இடம் கிடையாது. எனக்குச் சொந்த அண்ணன் இல்லை. ஆனால் கூடப்பிறந்தவன்கூட அப்படி இருக்க மாட்டான். என் வீட்டுக்காரர் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கம்பு என்ற பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. நடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் நுனியில் சிவப்பு பெயின்ட் அடித்த ஒரு கம்பு கொடுப்பார். ஆளுக்கு ஒன்று, அதிகப்படியாக ஒன்றுகூட எடுத்துவர மாட்டார். இறங்கி வந்ததும் அடிவாரத்தில் இருக்கும் பழைய தார் டிரம்மில் போட்டுவிட வேண்டும். கடைசியில் அவர் கம்புகளை எண்ணுவார். கம்பு சரியாக இருந்தால் ஆளும் சரி.

ஆட்களை எண்ணினால் ஆகாதா என்று கேட்டால் சிரிப்பார். ஒருவன் மரத்துக்குப் பின்னால் போவான், ஒருத்தி படம் எடுக்கத் திரும்பிப் போவாள், குழந்தைகள் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளியும், கம்புதான் போட்ட இடத்தில் நிற்கும் என்பார். கேட்கிறவர்களுக்கு அதுவும் சரி என்றுதான் படும். நாங்களே ஏரியில் ஆளை எண்ணுவதில்லை, ஜாக்கெட்டைத்தானே எண்ணுகிறோம்.

போன வருடம் கல்யாணமாகி இருபது வருடத்தில் முதல் தடவையாகப் படகுத்துறையைப் பூட்டிவிட்டு நாங்களும் நடைக்குப் போனோம். போகலாம் என்று ஆசைப்பட்டவள் நான். அவர் என்ன செய்தார் தெரியுமா? வழி நெடுக இரண்டு வெளியூர்ப் பெண்களிடம், புயலில் தனியாளாய்ப் படகு ஓட்டி ஏரியைக் கடந்த கதையை அளந்துகொண்டே வந்தார். அந்தப் புயல் வந்த அன்று இவர் காய்ச்சலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார், கஷாயம் வைத்துக் கொடுத்தவள் நான். அதோடு விட்டாரா? என் தண்ணீர் பாட்டிலை என்னைக் கேட்காமலே அவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பாறை உச்சிக்குப் போவதற்குள் எனக்கு நாக்கு வறண்டு, பற்றிக்கொண்டு வந்தது.

மேலே எல்லோரும் படம் எடுத்து முடித்து இறங்க ஆரம்பித்தார்கள். இவர் புது ஷூ கடிக்கிறது என்று கழற்றிவிட்டு, ஒரு பாறை மறைவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். நீ நட, பின்னாலேயே வருகிறேன் என்றார். நான் பாட்டிலைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. கம்பை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, கம்பில்லாமல் இறங்கிப் பாருங்கள், அப்போது தெரியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

கைக்கொன்றாக இரண்டு கம்பை ஊன்றிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினேன். அடிவாரத்தில் இரண்டையும் டிரம்மில் விட்டெறிந்தேன். அண்ணன் அப்போது குனிந்து ஒரு அம்மாவின் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய், மூஞ்சியைக் கழுவி, டீ போட்டுக் குடித்தேன். ஒருத்தருக்கு மட்டும்தான் போட்டேன். அண்ணன் கம்புகளை எண்ணியிருக்கிறார். போனது இருபத்துமூன்று பேர், டிரம்மில் இருபத்துமூன்று கம்பு. எல்லோருக்கும் கைகொடுத்து அனுப்பிவிட்டு அவரும் வீட்டுக்குப் போய்விட்டார்.

நாலு மணிக்கு மலையை மூடிக்கொண்டு பனி இறங்கியது. அப்புறம் மழை. வராமல் எங்கே போய்விடுவார் என்று இருந்தவள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்க ஆரம்பித்தேன். ஐந்து மணிக்கு நனைந்துகொண்டே அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். 'அவர் இன்னும் வரலைண்ணே' என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கம்பு சரியாக இருந்ததே, கம்பு சரியாக இருந்ததே என்று இரண்டு தடவை சொன்னார். சொல்லும்போதே ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டை நான் போட்டேன் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, வாய் மட்டும் ஓடிவிடுமா?

தேடப் போன இளைஞர்கள் டிரம்மிலிருந்து கைக்கு வந்த கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு எண்ணிப் பார்க்க அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. இருட்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். வழியில் சறுக்கி, கீழே ஒரு பாறையில் கால் முட்டி மோதிக் கிடந்திருக்கிறார். பாதித் தூரம் அவரை முதுகில் தூக்கி வந்தது கம்பு அண்ணன். அந்தத் தூரமும் வேறு யாரையும் தொடவிடவில்லை என்று சொன்னார்கள்.

மறுநாள் கோடைப் போட்டிகளையும் நடையையும் நடத்துகிற குழுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கம்பு என்ன ஆனது என்று கேட்டார்கள். கை நழுவிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது என்றார் என் வீட்டுக்காரர். நான் பால் டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். அப்பாடா என்று இருந்தது.

அந்த ஒரு பொய் எங்கே போய் அடித்தது என்று பாருங்கள். கம்பு பள்ளத்தில் விழுந்தது என்றால் டிரம்மில் இருந்தது இருபத்திரண்டுதான். இருபத்திரண்டை அண்ணன் இருபத்துமூன்று என்று எண்ணிவிட்டார் என்று ஆகிவிட்டது. குழு கூப்பிட்டுக் கேட்டபோது கம்பு அண்ணன் எழுந்து நின்று, தப்பாக எண்ணிவிட்டேன், வயதாகிவிட்டது, இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். யார்மேலும் பழி போடவில்லை. இந்த வருடம் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு நடத்துவதாக முடிவானது.

சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். முதல் மாதம் ஆஸ்பத்திரி அலைச்சல். அடுத்து, முட்டி இனிப் பழையபடி மடங்காது என்று டாக்டர் சொன்ன பிறகு, புருஷன் காலை ஒடித்தவள் என்று ஊர் பேசுமே என்ற பயம். அதற்கப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன செய்வது என்ற பயம். வருடத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, அது போனால் அவருக்கு என்ன குடியா முழுகிப்போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்தக் கோடையில் இரண்டாம் வாரம் வியாழக்கிழமை, கம்பு அண்ணனின் மனைவி படகுத்துறைக்கு வந்தார். சனிக்கிழமை ஓட்டத்துக்கு நெஞ்சில் கட்டும் நம்பர் துணிகளை அண்ணிதான் வருடா வருடம் தைத்துக் கொடுப்பார். அறுபது துணி. மூட்டையை என் ஜன்னல் பலகையில் வைத்துவிட்டு, எண்ணிக்கொள்ளச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். இல்லை, எண்ணு, வீட்டில் நேற்றிலிருந்து பதினோரு தடவை எண்ணியாகிவிட்டது என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணன் கொடியில் காயும் சட்டைகளை எண்ணுகிறாராம். எண்ணிவிட்டு அண்ணியைக் கூப்பிட்டு எண்ணச் சொல்கிறாராம். வண்டிச் சாவியை அவரே கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டாராம். தெருமுனை விளக்குக் கம்பத்தைத் தாண்டித் தனியாகப் போவதில்லை. அவருடைய மூத்த அண்ணன் மறதி நோய் வந்து, வீட்டு வழி மறந்து, கடைசியில் சொந்த மனைவியையே நீ யார் என்று கேட்டவர். அவரை நாலு வருடம் வைத்துப் பார்த்துக்கொண்டது இவர்கள்தான். அதே வியாதி தனக்கும் வந்துவிட்டது என்று இவர் முடிவே கட்டிவிட்டார். வரும் திங்கட்கிழமை டவுனில் மூளை டாக்டரைப் பார்க்க அவரே நேரம் வாங்கியிருக்கிறார்.

அண்ணி அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "போன வாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஒருநாள் உன்னையும் நான் மறந்துட்டா என்னை ஏதாவது விடுதியில விட்டுடு, நீ கஷ்டப்படாதங்கறாரு. எல்லாம் அந்தக் கம்புல ஆரம்பிச்சதும்மா."

எட்டாம் நம்பர் படகை மைக்கில் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் அறுபது துணியையும் எண்ணினேன். என்ன எண்ணினேன் என்று எனக்கே தெரியாது. அறுபது இருக்கிறது என்று சொல்லி அண்ணியை அனுப்பிவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை. என்ன ஜென்மம் நான்!

சாயங்காலம் ஜாக்கெட்டுகளை அடுக்கும்போது என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கம்பையும் சேர்த்து நான்தான் டிரம்மில் போட்டேன், அண்ணன் சரியாகத்தான் எண்ணினார் என்றேன். அதிர்ச்சியடைவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மடங்காத காலை நீட்டி ஸ்டூலில் உட்கார்ந்தபடி, ஜாக்கெட்டின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடுங்கினவ நீ. கம்பு எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார். "ஊர் உன்னைப் பேசும்னுதான் பள்ளத்துல விழுந்துச்சுன்னு சொன்னேன். நீயா ஒருநாள் சொல்லுவன்னு பார்த்தேன். நீ சொல்லல, சரி, பயந்து போயிருக்கான்னு விட்டுட்டேன்."

அவர் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்ல, அந்தப் பொய் பொய்யாகிவிடக் கூடாதென்று நான் வாயை மூடிக்கொள்ள, இருவருக்கும் நடுவில் அந்த மனுஷன் நசுங்கியிருக்கிறார். அண்ணி சொன்னதையெல்லாம் சொன்னேன். சட்டை எண்ணுகிற விஷயத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்தோரு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையிலேயே முதல் வேலையாகக் குழுவிடம் போனேன். மைதானத்தில் பந்தல் போட்டு, பரிசுக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். டிரில் மாஸ்டர் நல்ல மனுஷன், பெயர்ப் பட்டியலை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நடையைக் கம்பு அண்ணனே நடத்தட்டும், நான் கடைசி ஆளாகப் பின்னால் வருகிறேன் என்றார். எனக்கு அப்படி ஒரு தெம்பு வந்தது. அண்ணனிடமிருந்து எதைப் பறித்தேனோ அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்போடு நேராக அவர் வீட்டுக்கு நடந்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவரெல்லாம் துண்டுச் சீட்டு. சுவிட்சுக்கு மேலே 'மோட்டார் நிறுத்தியாச்சா', சமையலறை நிலையில் 'கேஸ் மூடு', அலமாரிக் கதவில் 'மருந்து: காலை ஒன்று, ராத்திரி ஒன்று'. வாசற்கதவின் உள்பக்கம் வீட்டு முகவரி, கீழே அண்ணியின் போன் நம்பர். லைன்மேனாக இருந்தபோது மின்கம்பங்களில் நம்பர் எழுதிய அதே குண்டு குண்டான எழுத்து. அவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாம்மா என்று எழுந்தார். மாப்பிள்ளைக்கு முட்டி எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்.

நின்றபடியே சொன்னேன். சண்டை, பாட்டில், பிடுங்கியது, இரண்டு கம்பையும் போட்டது, ஆஸ்பத்திரிப் பொய், எல்லாம். குழுவிடம் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை நீங்கள்தான் நடத்தப் போகிறீர்கள் என்றும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். தையல் மெஷின் சத்தம் நின்றது. அண்ணி அறை வாசலுக்கு வந்து நின்றார்.

நடையைப் பற்றி நான் சொன்னது அண்ணன் காதிலேயே விழவில்லை என்று நினைக்கிறேன்.

"டிரம்முல எத்தனை இருந்துச்சு?" என்று கேட்டார்.

"இருபத்திமூணுண்ணே."

"நான் இருபத்திமூணுதான் எண்ணினேன்."

"ஆமாண்ணே. சரியாத்தான் எண்ணினீங்க."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். அண்ணிக்குக் கேட்கிற மாதிரி சொல்லு என்றார். அண்ணி பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னேன். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை.

"வேலை போனா போகுது. ஒரு வருஷமா என் தலையை நானே நம்பலம்மா. ராத்திரி கண்ணை மூடினா அந்த டிரம்முதான். எண்ணி எண்ணிப் பார்க்கிறேன், எப்படி எண்ணினாலும் இருபத்திமூணுதான் வருது. அப்ப எனக்குப் புத்தி போயிடுச்சுன்னுதானே நெனப்பேன்? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல உனக்கு மனசு வரல."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அந்தச் சீட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எந்த முகத்தோடு அதைச் சொல்வது? திட்டட்டும், இன்னும் நாலு வார்த்தை திட்டட்டும் என்றுதான் இருந்தது. அவர் திட்டவில்லை. என்னை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

அண்ணி நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஒருநாள் பால் பொங்கி வழிந்தபோது, உங்கள் அண்ணன் மாதிரியே ஆகிவிட்டீர்கள் என்று தன் வாயால் சொல்லிவிட்டாராம். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அதைச் சொல்ல வைத்தவளும் நான்தான்.

அவர் எழுந்து போய் அண்ணியின் கையைப் பிடித்துத் தடுத்தார். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. வீட்டுப்பாடம் முடித்த பிள்ளை கேட்கிற மாதிரி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப நான் உன்னை மறக்க மாட்டேன்ல?"